மூன்றாவதாக ஓடியவள்

ஓடத் தெரியாதவன் எல்லாம் ஓட்டத்தைப் பற்றிப் பேசிய வாரம் அது. பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வைத்தாலே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள்கள், டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, "இன்னாத்துக்குப்பா அந்தப் பொண்ணு முன்னாடியே கெளம்புச்சு?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவனுக்கும் தெரியாது, பதில் சொன்னவனுக்கும் தெரியாது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்டது.

அந்தப் பொண்ணு எங்கள் தெருப் பொண்ணு, கவிப்பிரியா. பாரிவாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் தெரு. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி வராத சண்டையும் கிடையாது, குழம்பு வாசனையும் கிடையாது. அப்பா செங்கல்வராயன் குமணன்சாவடிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பஞ்சவர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். நான் கஸ்தூரி, வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கவி பள்ளிக்கூடத்தில் ஓடினபோது போட்ட டிராயர் எல்லாம் நான் தைத்துக் கொடுத்தவை. துணி மிச்சத்தில்தான் தைத்தேன், பொய் சொல்வானேன்.

அவள் ஆசியப் போட்டிக்குத் தேர்வானாள் என்று செய்தி வந்ததும் முதலில் குதித்தவர் பரந்தாமன். இவர் எங்கள் மதகடியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், நில புரோக்கர், கல்யாணம் கருமாதி எதுவானாலும் மைக்கை விடாதவர். பந்தயம் நடக்க இன்னும் நாள் கிடந்தது. அதற்குள் ஏரிக்கரை வளைவில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். 'பாரிவாக்கத்தின் தங்க மங்கை' என்று கொட்டை எழுத்து. கை கூப்பிய பரந்தாமன் ஆள் உயரத்துக்கு நின்றார். கவி ஒரு மூலையில் தபால்தலை மாதிரி இருந்தாள், கழுத்தில் கம்ப்யூட்டரில் மாட்டிய தங்க மெடலோடு. எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதுசு இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பெயர் சூட்டு விழாவுக்கு பேனர் அடிக்கிற ஆள்கள் நாங்கள்.

ஃப்ளெக்ஸோடு நிற்கவில்லை அவர். கோயில் மைக்கைப் பிடித்து, "இந்த வருசம் ஆடிக் கூழுக்கு மொதக் கொடம் நம்ம கவிப்பிரியா ஊட்டுக் கொடம்!" என்று அறிவித்தார்.

முதல் குடம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆடி ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலிருந்தும் கூழ் காய்ச்சிக் குடத்தில் எடுத்துவந்து கோயில் அண்டாவில் ஊற்றுவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குடம் போய் அம்மன் காலடியில் இறங்கும். அதைப் படைத்த பிறகுதான் மற்ற குடமெல்லாம் வாசல் தாண்டும். அந்த முதல் குடம் கோயில் தெருவில் நாலு வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதே இல்லை. எங்கள் தெருக் குடம் எப்போதும் கடைசி. அந்த நாலு வீட்டு வயலில் நாற்று நட்டவர்கள் எங்கள் ஆள்கள். இன்றைக்கு வயலும் இல்லை, நாற்றும் இல்லை, எல்லாம் பிளாட் போட்டு விற்று முடித்தாயிற்று. குடம் போகிற வரிசை மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது. அதனால்தான் மைக்கில் அந்த அறிவிப்பைக் கேட்டு பஞ்சவர்ணம் அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

பந்தயம் வியாழக்கிழமை சாயங்காலம். நாலு பெண்கள், ஒரே ஒரு குச்சி. முதல் பெண் ஓடிப்போய் இரண்டாவது பெண் கையில் கொடுக்க வேண்டும், அவள் மூன்றாவது பெண்ணிடம், மூன்றாவது பெண் நாலாவது பெண்ணிடம். கவி மூன்றாவது. கோயில் மைதானத்தில் பரந்தாமன் திரை கட்டியிருந்தார். குண்டான் குண்டானாகச் சுண்டல் வேறு. செங்கல்வராயன் மாமா அன்றைக்கு வண்டியையே எடுக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கி வெடித்தது. நாங்கள் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. முதல் பெண் நன்றாகத்தான் கொண்டுவந்தாள். இரண்டாவது பெண்ணும் வாங்கி ஓடினாள். அவள் கிட்டே வந்ததும் எங்கள் கவி கிளம்பினாள். கையைப் பின்னால் நீட்டினாள். ஓடினாள். இன்னும் நீட்டினாள். திரையில் ஒரு நொடிதான் தெரிந்தது. குச்சி தரையில் விழுந்து உருண்டு பக்கத்துக் கோட்டுக்குள் போயிற்று. கவி நின்றுவிட்டாள். மற்ற நாட்டுப் பெண்கள் எல்லாம் போய்விட்டார்கள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை அந்தக் கேமராக்காரன் விடாமல் காட்டினான். அவனுக்கு அக்கா தங்கச்சி இருக்க மாட்டார்களா?

பரந்தாமன் எழுந்து திரையை அணைத்தார். சுண்டல் குண்டானை மூடச் சொன்னார். கூட்டம் கலைந்தது. செங்கல்வராயன் மாமா மட்டும் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் டிவியில் தடகளச் சங்கத்து ஆள் ஒருத்தன் கோட்டு போட்டுக்கொண்டு பேசினான். "மூன்றாவது வீராங்கனை அவசரப்பட்டு முன்கூட்டியே ஓடிவிட்டார். அனுபவமின்மை." அவ்வளவுதான். பேர்கூடச் சொல்லவில்லை. ஆனால் போன் வைத்திருக்கிறவனுக்கெல்லாம் பேர் தெரிந்துவிட்டது. குச்சி விழுகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சினிமாப் பாட்டுப் போட்டு, காமெடி வசனம் போட்டு அனுப்பினார்கள். பஞ்சவர்ணம் அக்காவின் கம்பெனி குரூப்பிலேயே ஒருத்தி அனுப்பினாளாம், கூடவே சிரிக்கிற பொம்மையும்.

அன்றைக்கு லைனிங் துணி வாங்க நான் குமணன்சாவடி போயிருந்தேன். திரும்பும்போது மாமா வண்டியே கிடைத்தது. நான் அவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இரண்டு பையன்கள், புதுசாக வந்த அபார்ட்மென்ட்டுக்காரர்கள். அவர்கள் பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெரியம்மா.

"பாத்தியா மச்சான் அந்த ரிலே?" என்றான் ஒருத்தன்.

"செம காமெடி மச்சி. ஒரு குச்சியைப் புடிக்கத் தெரியல. இதுக்கு கவர்மென்ட் செலவுல ஃபாரின் டூர்."

"அந்தப் பொண்ணு இந்த ஏரியாதானாம்டா."

"அப்படியா? அப்ப கரெக்ட்டுதான். இங்க எவனாவது சிக்னல் விழற வரைக்கும் நிக்கிறானா? அதே பழக்கம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் என்னவென்று புரியாமலே சிரித்தாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. திரும்பி வாயைத் திறந்தேன். மாமா ஹாண்டிலை விடாமல் இடது முழங்கையால் என்னை இடித்தார்.

"உடு கஸ்தூரி. சவாரி."

இறங்கும்போது அந்தப் பையன் சில்லறைக்குக் கை நீட்டினான். மாமா எண்ணிக் கொடுத்துவிட்டு, "பாத்து எறங்கு நைனா, பின்னால பஸ்ஸு வருது" என்றார். எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு ரத்தம் ஓடுகிறதா, இல்லை அங்கேயும் ஷேர் ஆட்டோதான் ஓடுகிறதா?

சனிக்கிழமை மத்தியானம் கவி வந்தாள். ஏர்போர்ட்டுக்கு மேளம் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்ன பரந்தாமன் போனையே எடுக்கவில்லை. மாமாதான் ஆட்டோவில் போய்க் கூட்டிவந்தார். ஏரிக்கரை வளைவில் ஃப்ளெக்ஸைக் காணோம், கம்பத்தில் கயிறு மட்டும் தொங்கியது. கவி அதைப் பார்த்தாளா இல்லையா தெரியாது. நேராக வீட்டுக்குள் வந்து பையை வைத்துவிட்டு, பின்கட்டில் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பின்கட்டில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருந்தாள் பஞ்சவர்ணம் அக்கா. நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துழாவ வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். ஆடிக் காற்று புகையை வளைத்து வளைத்து மூஞ்சியில் அடித்தது. அக்காவும் நானும் மாற்றி மாற்றித் துழாவிக்கொண்டிருந்தோம்.

"சாப்ட்டியாடி?"

"பிளேன்ல குடுத்தாங்க."

"அது சாப்பாடா? கருவாட்டுக் கொயம்பு கீது. சோறு போடட்டா?"

"வேணாம்மா."

அக்காவால் தாங்க முடியவில்லை. துடுப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏண்டி, நீ முன்னாடியே கெளம்பிட்டியா?"

கவி தலையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது.

"இல்லம்மா."

"அப்ப அந்தாளு டிவில சொல்றானே?"

"அவன் சொல்லுவான். ஜமீலா தெரியுமில்ல உனக்கு? ட்ரெயினிங் கேம்ப்ல என் ரூம்ல கீதே, போன்ல பேசுவியே. அதுதான் எனக்கு எப்பவும் ரெண்டாவதா ஓடி வந்து குடுக்கும். ஒரு வருசமா அது குடுக்கும், நா வாங்குவேன். பைனல் அன்னிக்குக் காலைல ஜமீலாவ எடுத்துட்டு ரோஷினின்னு ஒரு பொண்ணப் போட்டாங்க. சங்கத்துப் பெரியாளு ஒருத்தரோட அண்ணன் பொண்ணு."

"ஏன் எடுத்தாங்க?" என்றேன் நான்.

"ஏன்னா இன்னா சித்தி சொல்றது? அந்தப் பொண்ணுக்கும் ஒரு பைனல் வோணும். ஜமீலாவுக்குக் காலு வலின்னு எய்திட்டாங்க. அதுக்குக் காலும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. பாத்ரூம்ல கதவ சாத்திகினு அழுதுச்சு."

பிறகு தரையில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து எங்களுக்குக் காட்டினாள். "நா இங்க நிக்கிறேன். எனக்குப் பின்னால இவ்ளோ தூரத்துல தரையில ஒரு டேப் ஒட்டி வெச்சிருப்பேன். ஓடி வர்ற பொண்ணு அந்த டேப்ப மெறிச்சதும் நா கெளம்பிடணும். அப்பால திரும்பியே பாக்கக் கூடாது. ஓடிகினே கையப் பின்னால நீட்டணும், அவ வந்து வெக்கணும். வேகமா வர்றவளா இருந்தா டேப்ப தூரமா ஒட்டலாம். மெதுவா வர்றவளா இருந்தா கிட்ட ஒட்டணும். இல்லன்னா நா போயிகினே இருப்பேன், அவளால என்னைப் புடிக்க முடியாது. ஒட்டுனது ஜமீலாவுக்கு ஒட்டுன டேப்பு."

"அப்ப மாத்தி ஒட்ட வேண்டியதுதானே?"

"கேட்டேம்மா! கோச்சாண்ட போய்க் கேட்டேன். ரோஷினி ஜமீலா மாதிரி இல்ல சார், டேப்பக் கிட்ட ஒட்டவான்னு. 'அவ மெதுவா ஓடுவான்னு நீ சொல்றியா? யாராண்ட பேசறேன்னு தெரிஞ்சு பேசு. டேப்பத் தொடாத'ன்னாரு. தொடல. அவ டேப்ப மெறிச்சா, நா கெளம்பினேன். கைய நீட்டினேன். வரல. வேகத்தக் கொறச்சேன். அப்பவும் வரல. கடைசீல அவ எட்டி விட்டா, என் வெரல் நுனில பட்டு கீய வுயுந்துச்சு."

பஞ்சவர்ணம் அக்கா துடுப்பை அடுப்பு மேலேயே தட்டினாள். கூழ் தெறித்தது. "அப்ப இத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி? உனக்கு நாக்கு இல்ல?"

"சொன்னா கேம்ப்லேந்து தூக்கிடுவாங்க. பிளேன்ல பக்கத்துல குந்தி கோச்சு சொல்லிகினே வந்தாரு. 'கம்முனு இரு, பத்து நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. அடுத்த வருசமும் ஓடலாம். வாயத் தொறந்தா இதோட முடிஞ்சுது'ன்னு. கேம்ப்ல இல்லன்னா எனக்கு ஏதும்மா ஓட்டம்? நீயும் சொல்லக் கூடாது. சித்தி, நீயும்தான். சத்தியம் பண்ணுங்க."

கொதிக்கிற கூழுக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் பண்ணினோம். அக்கா பண்ணின சத்தியம் பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணினது. வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செங்கல்வராயன் மாமா, "அதான் கரீட்டு. பெரிய எடம். நம்மளால ஆவாது. கம்முனு இருக்கறதுதான் பொயப்பு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது அவருக்கு.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பரந்தாமன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே பைக்கில் உட்கார்ந்தபடி ஹாரன் அடித்தார்.

"பஞ்சவர்ணம், கமிட்டில பேசினாங்கோ. நாளைக்கு மொதக் கொடம் வழக்கம்போல கோயில் தெருவே எடுத்துக்கட்டும்னு."

"ஏன் அண்ணாத்தே?"

"ஏன்னு கேட்டா? உனக்கே தெரியாதா? ஜெயிச்சிருந்தா நானே தலைல தூக்கிகினு வந்திருப்பேன். இப்ப ஊரே சிரிக்குது. அம்மன் காரியத்துல அபசகுனம் வேணாம்னு பெரியவங்க நெனைக்கிறாங்க. நீங்க எப்பவும்போல அப்பால வந்து ஊத்திடுங்க. தப்பா எடுத்துக்காத."

"தப்பா எடுத்துக்கல. எங்கொடம் மொதக் கொடம்னு மைக்கில சொன்னீங்க இல்ல? இல்லேன்றதையும் மைக்கிலயே சொல்லிடுங்க."

"இன்னாம்மா மல்லுக்கு நிக்கிற?"

"மல்லுக்கு நிக்கல. மைக்கில சொல்லுங்கன்னுதான் சொல்றேன். ஊரே கேட்டுச்சு, ஊரே கேக்கட்டும்."

பரந்தாமன் பைக்கை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது. போகிற போக்கில் அவர் ஏதோ சொன்னார். எங்கள் தெருவைச் சேர்த்துச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் வந்ததும் வராததுமாகத் தெருவே குளித்து மஞ்சள் புடவை கட்டி நின்றது. பஞ்சவர்ணம் அக்கா காய்ச்சிய கூழை மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டுப் பித்தளைக் குடத்தில் நிறைத்தாள். குடத்துக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டினாள். தலையில் சும்மாடு வைத்து நானும் மாமாவும் தூக்கிவிட்டோம். வருகிறாளா என்று கவியைப் பார்த்தேன். "எங்கம்மா போவுது, நா போவாம?" என்று பின்னாலேயே வந்தாள். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்புத் தூக்கை மாமா எடுத்துக்கொண்டார். வழியில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. சிலபேர் கவியைப் பார்த்ததும் போனைப் பார்த்தார்கள், திரும்ப கவியைப் பார்த்தார்கள். சரிபார்க்கிறார்களாம்!

கோயில் வாசலில் பரந்தாமன் மைக்கோடு நின்றார். பக்கத்தில் கோயில் தெரு வீட்டு அம்மா ஒருத்தி வெள்ளிக் குடத்தோடு ஏற்கெனவே தயார். பம்பை அடித்தவன் எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"பஞ்சவர்ணம், அங்கியே நில்லு. நேத்தே சொன்னேன்."

"மைக்கில சொல்லலியே அண்ணாத்தே."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். அது பரந்தாமனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"பக்த கோடிகளே! கமிட்டி முடிவுப்படி மொதக் கொடம் கோயில் தெரு. இதுல யாரும் வருத்தப்படறதுக்கு இல்ல. கையில குடுத்த குச்சியவே கோட்ட விட்ட கையி. அந்தக் கை பட்ட கொடத்த அம்மனுக்கு மொதல்ல எறக்கணுமா? நீங்களே சொல்லுங்க!"

எட்டு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. ஏரி முழுக்கக் கேட்டது. பஞ்சவர்ணம் அக்கா குடத்தோடு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும், முதல்நாள் செய்த சத்தியம்தான் அவள் தொண்டையில் நின்றது. உண்மையைச் சொன்னால் குடம் உள்ளே போகும், மகள் கேம்ப்பைவிட்டு வெளியே வருவாள். சொல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். ஊர் சிரிக்கட்டும் என்று அவள் முடிவு பண்ணினாள். அவ்வளவு கோபக்காரி, எஸ்டேட்டில் சூப்பர்வைசர் கையை மடக்கினவள், ஒரு வார்த்தை பேசாமல் குடத்தை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

கவிக்கும் எரிந்திருக்க வேண்டும். எப்போது நகர்ந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. பரந்தாமன் கையில் இருந்த மைக் அவள் கையில் இருந்தது.

"எங்கம்மாவ எதுக்குப் பின்னால போவ சொல்றீங்க?" அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நா கோட்ட வுட்டேன்னா? என் கைல யாருமே குடுக்கலியே! ஒரு வருசமா ஜமீலாதான் எனக்குக் குடுத்துகினு இருந்துச்சு. அன்னிக்கிக் காலைல அத்த எடுத்துட்டு சங்கத்து ஆளு ஊட்டுப் பொண்ணப் போட்டாங்க. அது மெதுவா வரும், டேப்பக் கிட்ட ஒட்டவான்னு கோச்சாண்ட கேட்டேன். தொடாதன்னாங்க. தொடல. நா கைய நீட்டினேன். நீட்டிகினே ஓடினேன். வரல. இதான் நடந்துச்சு. டிவில சொன்னது பொய்யி. நீங்க இப்ப மைக்கில சொன்னதும் பொய்யி. எங்கம்மாவுக்கு இது தெரியும். எனக்கோசரம் வாய மூடிகினு நிக்குது. நீங்க ஆளாளுக்கு நிக்கவெச்சி அசிங்கப்படுத்துறீங்க. ஜெயிச்சா உங்க ஊருப் பொண்ணு, தோத்தா எங்க தெருப் பொண்ணா?"

மைக்கைப் பரந்தாமன் கையில் திரும்ப வைத்தாள். கையில் வைத்து, அவர் விரல் மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

ஐம்பது அறுபது பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அத்தனையும் படம் எடுத்திருந்தது. மாமா தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூட்ச்சு. எல்லாம் பூட்ச்சு" என்றார்.

முதலில் அசைந்தது கூட்டம்தான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "கொடத்த உள்ள வுடுங்கய்யா!" என்றது. அப்புறம் நாலு குரல், அப்புறம் நாற்பது. இரண்டு நாளாக அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்த வாய்களும் அதில் இருந்தன, எனக்குத் தெரியாதா என்ன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பரந்தாமனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே கையைக் கூப்பினார்.

"கொயந்த இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நா எதுக்குத் தடுக்கப் போறேன்? வாம்மா பஞ்சவர்ணம். உங்கொடந்தான் மொதக் கொடம். பம்பை! அடிப்பா!"

பஞ்சவர்ணம் அக்கா அசையவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "கஸ்தூரி, கை குடு." குடத்தை இறக்கினோம். கோயிலுக்குள் இல்லை, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்.

"இன்னாம்மா இது? அம்மனுக்குப் படைக்காம?"

"அம்மனுக்கு அவுங்க வெள்ளிக் கொடம் கீதே. ஆத்தா குடிச்சிக்கட்டும். எம்பொண்ணு வியாயக்கெயமலேந்து ஒயுங்கா சோறு துன்னல."

ஒரு சட்டியை எடுத்தாள். முதல் அகப்பை கூழை அதில் ஊற்றினாள். கோயில் தெருப் பெரியம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் பயம்தான். சாமி காரியம், சும்மா இல்லை. ஆனால் அக்கா நிறுத்தவில்லை. கீரையை ஒரு ஓரமாக வைத்து, கருவாட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு மகளிடம் நீட்டினாள். கவி மரத்தடியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். அத்தனை நாள் பட்டினி என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தெருக் குடங்கள் ஒவ்வொன்றாக வந்து அந்த மரத்தடியிலேயே இறங்கின. யாரும் சொல்லவில்லை, அதுவாக இறங்கின.

இரண்டாவது சட்டி பாதியில் இருக்கும்போது கவியின் போன் அடித்தது. அவள் முகம் மாறியதிலேயே யார் என்று தெரிந்தது. மாமா ஓடிவந்து, "எடும்மா, எடுத்து மன்னிப்பு கேட்டுடு" என்றார்.

"குடிச்சிட்டு எடு" என்றாள் அக்கா.

குடித்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நாங்கள் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீடியோல இருக்கிறது நீதானா?" கோச் குரல்.

"ஆமா சார்."

"என்ன காரியம் பண்ணியிருக்க தெரியுமா? மேலேயிருந்து போன் மேல போன். சரி, கேளு. வெயில்ல நின்னேன், மனசு சரியில்ல, ஏதோ உளறிட்டேன்னு இன்னொரு வீடியோ போடு. இப்பவே போடு. நான் பேசிப் பாக்கறேன். உன்னோட நல்லதுக்குச் சொல்றேன்."

கவி அப்பாவைப் பார்த்தாள். மாமா கெஞ்சுகிற மாதிரி பார்த்தார், 'போட்டுடு' என்று உதடு அசைந்தது. அம்மாவைப் பார்த்தாள். அக்கா வரிசையில் நின்றவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். இது நீ ஓட வேண்டியது என்று விட்டுவிட்டாள்.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கறேன். டேப்பக் கிட்ட ஒட்டவான்னு நா உங்களாண்ட கேட்டேனா, இல்லியா?"

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"அது இப்ப முக்கியமில்ல கவிப்பிரியா."

"எனக்கு அது மட்டுந்தான் சார் முக்கியம். கேட்டேனா, இல்லியா?"

"நீ இனிமே கேம்ப்புக்கு வர வேண்டாம். ரூம்ல இருக்கிற உன் பெட்டியக் கூரியர்ல அனுப்பிடறோம்."

கவி போனை மடியில் வைத்தாள். அவ்வளவுதான். விடிகாலையில் ஏரிக்கரையில் ஓடி ஓடி, கால் வீங்கி, ஒத்தடம் கொடுத்து, திரும்ப ஓடிச் சேர்த்ததெல்லாம் ஒரு பெட்டியில் அடங்கிக் கூரியரில் வரப் போகிறது. மாமா மரத்தில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்தத் தடவை புகை இல்லை. எனக்கு அந்தக் கோச்சை, கோட்டுப் போட்டவனை, பரந்தாமனை, ஆட்டோவில் சிரித்த பையன்களை வரிசையாக நிறுத்திக் கொதிக்கிற கூழை ஊற்ற வேண்டும் போலிருந்தது.

"அவுங்களாண்ட நம்ம அட்ரஸே இல்லம்மா," என்றாள் கவி. சொல்லும்போதுதான் அவளுக்கு முதல்தடவையாக உதடு கோணியது.

பஞ்சவர்ணம் அக்கா அகப்பையை உதறிவிட்டு, கோயில் ஒலிபெருக்கியையே தோற்கடிக்கிற குரலில் சொன்னாள்.

"குச்சியத் தவறவுட்ட பொண்ணு ஊடு, பாரிவாக்கம்னு எய்தச் சொல்லு. நாடு முயுக்கத் தெரியற மாதிரி அவன்தானே பண்ணி வெச்சான்? வந்து சேரும். சட்டிய நீட்டுடி."